ஷுவாயின் துணியில் படுத்த நாய்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரிடம் நேரே சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலமானால் நாயைக் கூப்பிடுகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் சண்டைக்கு வர முடியாது. நாயைத்தானே கூப்பிட்டாள்?

என் மூத்த தம்பி தவெங்வாவின் மனைவி ஷுவாய் தன் நாய்க்கு வைத்த பெயர் முச்சனேதா. 'அலுத்துப்போவீர்கள்' என்று அர்த்தம். யார் எதில் அலுத்துப்போவார்கள் என்று அவள் யாருக்கும் விளக்கவில்லை; விளக்கத் தேவையும் இருக்கவில்லை. என் இளைய தம்பி ஜைரோசிக்கு மார்வே மனைவியாக வந்து, வீடே அவளைப் புகழ்ந்துகொண்டிருந்த வருஷம் அது. 'புகழுங்கள், புகழுங்கள், ஒருநாள் அலுத்துப்போவீர்கள்' என்பதுதான் அந்த நாய்க்குட்டியின் கழுத்தில் கட்டின செய்தி.

மார்வேயிடம் பொறாமைப்பட என்ன இருந்தது என்று கேட்டால், எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். என் அம்மா சாகும்வரை மார்வே சோளமாவில் கிண்டிய சட்ஸாக் களியைத்தான் கேட்டாள். வேர்க்கடலை அரைத்து ஊற்றி மார்வே சமைக்கும் கீரையைப் பற்றி என் தம்பிகள் இரண்டு பேருமே பேசுவார்கள். அதுவும் ஷுவாயின் கீரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. போன ஈஸ்டரில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் சபையில் தகுதி பெற்ற பெண்கள் மட்டும் அணிகிற சிவப்பு ஜாக்கெட்டையும் வெள்ளைத் தொப்பியையும் மார்வேக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு முன்னாலேயே வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டத்துக்கு வரத் தொடங்கிய ஷுவாயிடம், "நாக்கைக் கொஞ்சம் அடக்கப் பழகு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அன்று சாயங்காலம் அவள் "முச்சனேதா!" என்று போட்ட சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

மார்வே இதற்கெல்லாம் பதிலுக்கு ஒரு நாய் வாங்கிப் பெயர் வைத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். அவளோ அந்த நாயையே "முச்சா, முச்சா" என்று பாதிப் பெயரில் கூப்பிட்டு, சட்டியில் ஒட்டின களியைப் போடுவாள்.

"என் நாய் பேர வெட்டிட்டா பாத்தீங்களா மதினி?" என்று ஷுவாய் என்னிடம் வந்து குமுறினாள். "பாதிப் பேருக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பல்லப் புடுங்கி விட்ட மாதிரி ஆக்கிட்டா."

"நாய்க்குப் பல்லு இருக்கே, அது போதாதா?" என்றேன்.

"உங்களுக்கு எப்பவும் அவ பக்கம்தான்."

நான் யார் பக்கமும் இல்லை. கணவர் போன பிறகு அப்பாவின் நிலத்தில் குடிசை போட்டு வந்துவிட்டவள். என் வாசல் இரண்டு பேரின் வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பேரும் என்னை மதினி என்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த மாசியில் சோளம் பால் பிடித்திருந்தது. பால் பிடித்த சோளம் என்றால் மலைக்குரங்குகளுக்குக் கல்யாண விருந்து. தவெங்வா ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். ஷுவாயின் சோளத்துக்குக் காவல் என்று இருந்தது முச்சனேதா ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து குட்டு என்ற ஊரிலிருந்து ஷுவாயின் சித்தப்பா இறந்த செய்தி வந்தது. வயலையும் நாயையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். மார்வேயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குரங்குக் கூட்டம் இறங்கியபோது தகரத்தைத் தட்டிக்கொண்டு முதலில் ஓடியவள் மார்வேதான்.

கூட்டத்தில் பெரிய ஆண் ஒன்று ஓடாமல் நின்றது. முச்சா பாய்ந்து அதன் பின்காலைக் கவ்வியது. குரங்கு திரும்பித் தோளில் ஒரே கடி கடித்துவிட்டு மலையேறிவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டு சின்ன ஓட்டைகள்தான். அந்தக் குரங்கின் கோரைப்பல்லைப் பார்த்தவர்களுக்கு மட்டும் உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று தெரியும்.

மார்வே வெந்நீரில் உப்புப் போட்டு, காலையும் மாலையும் கழுவினாள். ஓட்டைகள் மூடப் பார்த்தால் ஈரத்துணியால் ஒத்தி, பொருக்கை எடுத்துவிட்டு மறுபடி கழுவினாள். முதல்நாள் முச்சா அவள் கையைக் கடிக்க வந்தது. பிறகு முனகியது. அப்புறம் உப்புத்தண்ணீர்ப் பானையைக் கண்டாலே தானாக வந்து பக்கவாட்டில் படுத்துத் தோளைக் காட்டப் பழகிவிட்டது.

துக்கம் முடிந்து ஷுவாய் திரும்பிய அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் பாதை முனைவரை ஓடி, அவள் மேல் ஏறி, முகத்தை நக்கி, தரையில் உருண்டது. அவளும் பையைக் கீழே போட்டுவிட்டு அதைக் கட்டிக்கொண்டாள். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெயில் தாழ்ந்ததும் மார்வேயின் வாசலில் பானை வைக்கும் சத்தம் கேட்டது. முச்சா எழுந்தது, ஷுவாயை ஒருமுறை பார்த்தது, என் வாசலைக் கடந்து மார்வே வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தோளைக் காட்டியது.

ஷுவாய் பின்னாலேயே வந்தாள். "ஓ. இப்ப நாயும் உனக்குத்தானா?"

மார்வே எழுந்து, எங்கள் வழக்கப்படி குனிந்து கைதட்டி வணக்கம் சொன்னாள். "வாங்கக்கா. துக்கமெல்லாம் எப்படி நடந்துச்சு? முச்சாவக் குரங்கு கடிச்சிருச்சு. அதான் கழுவிட்டிருக்கேன்."

"அதுக்குப் பேரு முச்சனேதா."

"சரிக்கா. இன்னும் கொஞ்ச நாள் கழுவணும். மேல தோல் மூடிக்காமப் பாத்துக்கணும். எங்கப்பா கழுதை வெச்சிருந்தாரு. ஒண்ண ஒண்ணு கடிச்சா உள்ளேயிருந்துதான் ஆற விடுவாரு."

"கழுதை டாக்டர் மகளா நீ? எனக்குத் தெரியாமப் போச்சே." ஷுவாய் நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். "என் நாயப் பாத்துக்க எனக்குத் தெரியும். நீ உன் சிவப்பு ஜாக்கெட்ட இஸ்திரி போடு."

நாய் கயிற்றோடு போனது. போகும்போது திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைதான் ஷுவாயை என்னவோ செய்தது என்று நினைக்கிறேன். காயம் இருக்கும்வரைதானே அது அங்கே போகும்? காயம் மூடிவிட்டால் போகக் காரணமில்லை. சமையல் குடிசையின் கூரையில் படிந்திருந்த கரியைச் சுரண்டி, கொழுப்பில் குழைத்து, இரண்டு ஓட்டையிலும் விரலால் அழுத்தி அடைத்தாள். அவள் அம்மா வீட்டு மருந்து அது. எந்தப் புண்ணும் அதற்குக் காய்ந்துவிடும்.

காய்ந்துதான் போனது. பொருக்கு உதிர்ந்து, புதுத்தோல் மூடி, மேலே முடிகூட முளைத்தது. "பாத்தீங்களா மதினி? உப்புத்தண்ணியும் வேணாம், ஒரு எழவும் வேணாம்," என்று நாயை என் வாசலுக்கே கொண்டுவந்து காட்டினாள். வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போகிற வழியிலும் யார் கேட்டார்களோ கேட்கவில்லையோ சொல்லிக்கொண்டே போனாள்.

பிறகு ஒருநாள் முச்சா சாப்பிடவில்லை. அடுத்தநாள் முன்காலைத் தரையில் ஊன்றவில்லை. தோளில் மாம்பழம் அளவு ஒரு வீக்கம், தொட்டால் கொதித்தது. காயம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மெல்லிய தழும்பும் அதன்மேல் முடியும். ஆறிப்போன காயத்தை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

வீக்கம் என்றால் எங்கள் ஊரில் முதலில் வாயில் வருகிற சொல் வேறு. பொறாமைக்காரர்கள் ஒருவர் நடக்கும் பாதையில் எதையோ புதைத்து வைப்பார்கள், மிதித்தவரின் கைகால் வீங்கும் என்பார்கள். சிட்சிங்கா என்று அதற்குப் பெயர். உள்ளே எலும்போ முள்ளோ முடியோ இருக்கும், கீறி எடுத்தால்தான் தீரும் என்பார்கள். சபைக்குப் போகிற நாங்கள் அதை நம்புவதில்லை. அதாவது, நமக்கு வீங்காதவரை நம்புவதில்லை.

ஷுவாய் என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மதினி, இது கடி இல்ல. கடி ஆறிருச்சு, நீங்களே பாத்தீங்க. இது எனக்கு வெச்சது. ரெண்டு வீட்டுக்கும் நடுப்பாதையில வெச்சிருக்கா. நான் மிதிக்க வேண்டியத என் நாய் மிதிச்சிருச்சு."

"தோளாலயா மிதிச்சுது?"

"கிண்டல் பண்ணாதீங்க. கால் வழியா ஏறும்."

"மார்வே எதுக்கு உனக்கு வைக்கணும்?"

"பொறாமைதான்! என் மேல அவளுக்கு எப்பவுமே பொறாமை." இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. "வியாழக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். அந்தச் சிவப்பு ஜாக்கெட்ட அவ கையாலேயே கழட்ட வைக்கிறேனா இல்லையா பாருங்க."

சூனியக்காரி என்ற சொல் ஒரு பெண்மேல் ஒருமுறை விழுந்துவிட்டால் எழுந்து போகாது. அவள் கொடுக்கும் தண்ணீரை யாரும் குடிக்கமாட்டார்கள். அவள் பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். என் தம்பியே ஒருநாள் அவளை அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விடுவான். இவ்வளவும் ஒரு நாயின் தோளிலிருந்து.

"வியாழக்கிழமைவரை பொறு ஷுவாய். ஜெபம் பண்ணு," என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஜெபித்தேன். பதில் எப்படி வரவேண்டும் என்று கர்த்தருக்கு யோசனை சொல்லவில்லை.

மறுநாள் காலை ஷுவாய் நாயைத் தூக்கிக்கொண்டு என் வாசலைக் கடந்தாள். தவெங்வா ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய, கினிக்கோழிகள் வரைந்த அவளுடைய நீல இடுப்புத்துணி நாயின் அடியில் தொங்கியது. மார்வே தண்ணீர் அடிக்கக் கைப்பம்புக்குப் போயிருந்தாள்.

"எங்க கொண்டு போற?"

"வெச்சவகிட்டயே. யாருக்கு வெச்சதோ அவங்க துணியில கிடத்தி, வெச்சவ வாசல்ல விட்டுட்டா, வந்த வழியே அவகிட்ட திரும்பிப் போயிரும். எங்கம்மா சொல்லிருக்கா."

"நாய் செத்துரும்மா."

"செத்தா அவ வாசல்லயே சாகட்டும்." குரல் பாதியில் உடைந்துவிட்டது. துணியை விரித்து, அதை மெதுவாகக் கிடத்தி, தலைக்கடியில் துணியின் முனையை மடித்து வைத்தாள். மடித்து வைக்கச் சொல்லி அவள் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்த் தன் தானியக் குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மார்வே தலையில் தண்ணீரோடு வந்தாள். வாசலில் நாயைப் பார்த்தாள். அதன் அடியில் இருந்த துணியைப் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"மதினி! அக்கா முச்சாவ என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க! அவங்க நல்ல துணியப் போட்டு, தலைக்கு மடிச்சு வெச்சு... கூப்பிட்டுச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாங்க, பாவம். நம்பிக் கொண்டுவந்து விட்டிருக்காங்க மதினி. உப்பு இருந்தா குடுங்க, என்கிட்ட கொஞ்சம்தான் இருக்கு."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு அழகான ஒரு தப்பை எதற்குத் திருத்த வேண்டும்? உப்பு டப்பாவை அப்படியே கொடுத்தேன். அடுப்பில் வெந்நீரும் வைத்தேன்.

அன்று முழுவதும் மார்வே சூடான ஈரத்துணியை அந்த வீக்கத்தின்மேல் வைத்து எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். "பழுத்து வரணும், அதுவரைக்கும் கத்தி வைக்கக்கூடாது," என்றாள். ஷுவாய் காரணமே இல்லாமல் எத்தனையோ தடவை தன் வாசலைப் பெருக்கினாள். மார்வேயின் கை வீங்குகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மார்வேயின் கை வீங்கவில்லை. வெந்நீரில் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வீக்கத்தின் நடுவில் தோல் மெலிந்து நீலமாகிவிட்டது. உடையப்போகிறது என்று தெரிந்ததும் ஷுவாயால் பொறுக்க முடியவில்லை. வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். உள்ளேயிருந்து வருவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எலும்போ முள்ளோ வந்தால் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கூட்டத்தில் காட்ட வேண்டும்.

மார்வே நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டீங்களாக்கா! நல்லவேளை. தலையப் பிடிச்சுக்கங்க. நேத்து பூரா உங்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. உங்க மடியிலதான் அடங்கும்."

ஷுவாய் ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். முச்சா இழுத்து இழுத்து நகர்ந்து அவள் மடியில் தலையை வைத்து, மூச்சை விட்டது. அவள் முகம் என்னென்னவோ ஆனது.

மார்வே அழுத்திய அழுத்தில் வீக்கம் உடைந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. ஜைரோசி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குக் குரங்கே தேவலாம்," என்று கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான். சீழ் வந்தது, பிறகு ரத்தம் கலந்த சீழ். பல்லோடு உள்ளே போன நாயின் முடி கொஞ்சம் வந்தது. ஷுவாய் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக, கறுப்பாக ஒரு கட்டி நழுவி நீலத்துணியில் விழுந்தது.

எலும்பில்லை, முள்ளில்லை. கொழுப்பில் குழைத்த கூரைக்கரி.

மார்வே அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். சமையல் குடிசைக் கரியின் மணம் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஷுவாயின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மலைக்குரங்கு பல்லு என்ன சுத்தமாவா இருக்கும்," என்றாள் மார்வே. விரலைத் தண்ணீரில் அலசிவிட்டு, "தலைய விட்டுராதீங்கக்கா, இன்னும் கழுவணும்," என்று அடுத்த சொம்பை எடுத்தாள்.

மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் முக்குகிற இடத்துக்கு வரும் கால்நடை உதவியாளரிடம் ஜைரோசி நாயைச் சுமந்துகொண்டு போனான். அவர் ஊசி போட்டார். கடிக்காயத்தை மேலே மூடிவிட்டால் அழுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு சீழ் கட்டும், அடியிலிருந்து ஆறிவரும்வரை வாய் திறந்தே இருக்கட்டும், கழுவிக்கொண்டே இருங்கள் என்றார். அப்படியே ஜைரோசி வந்து சொன்னான். ஷுவாய் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. ஷுவாய் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சாட்சி சொல்லும் நேரத்தில் அவள் எழுவதற்குள் மார்வே சிவப்பு ஜாக்கெட்டில் எழுந்துவிட்டாள்.

"சகோதரிகளே, என் அக்காவுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்றேன். எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவா ஒத்துக்காதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதையும் தாண்டி அக்கா தன் நாய என்னை நம்பி விட்டாங்க. அவங்க புருஷன் அனுப்புன துணிய அதுக்கு விரிச்சாங்க. எனக்கு அப்படிப் பெரிய மனசு வராது. அவங்களுக்கு இன்னும் ஜாக்கெட் குடுக்காதது எனக்கு வெக்கமா இருக்கு."

எல்லோரும் திரும்பி ஷுவாயைப் பார்த்தார்கள். செய்யாத நன்மைக்குப் புகழப்படுவதைப்போல் ஒரு தண்டனையை நான் பார்த்ததில்லை. அவள் எழுந்தாள். நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டேன்.

"அந்தப் புண்ணுல கரிய அடைச்சது நான்தான்," என்றாள். "கழுவணும்னு இவ சொன்னா. நாய் இவகிட்டப் போகக்கூடாதுன்னு நான் மூடுனேன். எனக்குப் பொறுக்கல. அதான்." உட்கார்ந்துவிட்டாள்.

மீதியை அவள் அங்கே சொல்லவில்லை. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் ஜெபத்தில் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறேன். என் வாயிலிருந்து மார்வேக்கு அது போகாது.

அந்த நீலத்துணியை மார்வே பலமுறை துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து முழங்காலிட்டுக் கொடுத்தாள். ஷுவாய் அதைத் தொடவே பயந்தவள்போல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேணாம், நீயே வெச்சுக்க." மார்வே அங்கேயே அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள். கைப்பம்பில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அக்கா குடுத்தது," என்றாளாம்.

"மதினி," என்றாள் ஷுவாய் என்னிடம், வேலியோரம் நின்று. "அந்தத் துணி அவளுக்கு என்னைவிட நல்லா இருக்கு. பாத்தாலே எரியுது."

"எரியட்டும். அதுக்கும் கரி பூசி மூடிராத," என்றேன்.

முறைத்தாள். ஆனால் வெயில் தாழ்ந்ததும் தானே அடுப்பு மூட்டினாள். உப்புப் போட்ட வெந்நீர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்கினாள். நொண்டிக்கொண்டு நாய் பின்னால் போனது. என் வாசலைக் கடந்து, மார்வேயின் வாசலில் போய்ப் படுத்துத் தோளைக் காட்டியது. மார்வே கழுவினாள், ஷுவாய் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவுறது நீ கழுவிக்க. சோறு மட்டும் என் கையாலதான் திங்கணும், சொல்லிட்டேன்," என்றாள் ஷுவாய்.

"சரிக்கா."

"ஆடாத முச்சா," என்றாள் நாயிடம். சொன்ன பிறகுதான் தான் எப்படிக் கூப்பிட்டோம் என்று கவனித்தாள் போலும். நான் பார்த்துவிட்டேனா என்று என் பக்கம் திரும்பினாள். நான் அடுப்பில் களியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.